மாசி வெயிலும் மூடிய புட்டியும்: ஓசூர் மேட்டுநிலத்தில் வீட்டு விதைச் சேமிப்பு

வெப்ப நாட்டில் விதை நெடுநாள் தாங்காது என்பது பரவலான நம்பிக்கை. அதனால்தான் மாடித் தோட்டம் போடுகிறவர்களில் பலர், மிஞ்சிய விதைப் பொட்டலத்தை அப்படியே மடித்து ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் செருகி வைக்கிறார்கள். அடுத்த பட்டத்தில் அது முளைக்காவிட்டால் விதையைக் குறை சொல்லிவிட்டுப் புதுப் பொட்டலம் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை: வெப்பம் விதையின் ஆயுளைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டளவில் விதையைக் கெடுப்பதில் வெப்பத்தைவிட ஈரத்துக்கே பங்கு அதிகம். ஈரத்தை நீக்குவதற்கோ மின்சாரம் தேவையில்லை, சரியான மாதம் கிடைத்தால் போதும். தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கர்நாடகத்தை ஒட்டிக் கிடக்கும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு அந்த மாதம் ஆண்டுதோறும் வந்துவிடுகிறது. விதைச் சேமிப்பைக் கிடங்காக எண்ணாமல் நாட்காட்டியாக எண்ணினால், இங்கே வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பம்கூடத் தன் தோட்டத்துக்கு வேண்டிய விதையில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொள்ள முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வட்டாரத்தில் விதைக்குப் பஞ்சம் இருப்பதால் இப்படிச் சொல்லவில்லை. ஓசூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெங்களூரு, நாட்டின் காய்கறி விதை வணிகத்துக்கே ஒரு தலைமையிடம். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் விவசாயி வீரிய ஒட்டு ரகத்தின் குழித்தட்டு நாற்றைக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார். அது அவருக்குக் கட்டுப்படியாகிறது. இன்னொரு பக்கம் தளி, அஞ்செட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கேழ்வரகு, அவரை, கொள்ளு போன்றவற்றின் விதை இன்னும் பெருமளவு வீட்டிலிருந்தே வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எனத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்து, 2019இல் மாநகராட்சியாகவே ஆகிவிட்ட ஓசூரில், கிராமத்து நிலத்தை விட்டு வந்து மாடியிலும் வீட்டோரத்திலும் நாலு செடி வளர்க்கும் குடும்பங்கள் அவை. வணிக விவசாயியின் கணக்கும் மானாவாரி விவசாயியின் பழக்கமும் இந்தக் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. விதையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இவர்களை விட்டுவிட்டே நடக்கிறது.

ஈரமும் வெப்பமும்

விதை உலர்ந்து கிடக்கும் உயிர். அதற்குள் மூச்சு மிக மெதுவாக நடக்கிறது. ஈரமும் சூடும் கூடக் கூட மூச்சு வேகமெடுத்து, சேர்த்து வைத்த உணவும் உயிரணுக்களின் சவ்வும் சிதைகின்றன. இந்தச் சிதைவின் வேகத்தை எளிய கணக்காக்கித் தந்தவர் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் காய்கறி விதைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரு மடங்காகும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரு மடங்காகும். முதல் விதி 5 முதல் 14 விழுக்காடு ஈரம் வரையிலும், இரண்டாவது 0 முதல் 50 டிகிரி வரையிலும் பொருந்தும். துல்லியமான சமன்பாடுகள் பின்னால் வந்துவிட்டன என்றாலும், நம் வேளாண் கல்லூரிகளில் விதையியல் பாடம் இன்றும் இந்த இரு விதிகளிலிருந்துதான் தொடங்குகிறது.

இவற்றை ஓசூர் வீட்டு அலமாரிக்குப் பொருத்திப் பார்ப்போம். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் அளவில் இருப்பதால் இங்கு வீட்டுக்குள் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். சமவெளியின் 30 டிகிரி வீட்டோடு ஒப்பிட்டால், எந்த முயற்சியும் இல்லாமலே விதையின் ஆயுள் இங்கே இரு மடங்கு. 25 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் 20 டிகிரி குறைகிறது. அதாவது நான்கு முறை இரட்டித்து 16 மடங்கு. உலர்த்தலின் கணக்கு இதைவிடப் பெரியது. ஐப்பசி மழையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும்போது, திறந்து கிடக்கும் தானிய விதை அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்து 14 விழுக்காடு ஈரத்தை எட்டிவிடும். மாசி, பங்குனிப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. அப்போது அதே விதை 8, 9 விழுக்காட்டுக்கு வந்து நிற்கும். வித்தியாசத்தை 5 விழுக்காடு என்று குறைத்தே வைத்தாலும் ஐந்து முறை இரட்டித்து 32 மடங்கு. இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை ஃப்ரிட்ஜ் தருவதைப்போல இரு மடங்கு ஆயுளை, செலவே இல்லாத ஒரு பருவம் தந்துவிடுகிறது.

இரண்டையும் சேர்த்தால் பலன் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் வரிசை மாறக் கூடாது. உலர்த்தாத விதையைக் காகிதப் பொட்டலத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால், காய்கறியும் குழம்பும் இருக்கும் அந்தப் பெட்டியின் ஈரக் காற்றை விதை மெல்ல உறிஞ்சும். எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் நீர் குளிர்ந்த விதையின் மேல் முத்து முத்தாகப் படியும். விதை விஞ்ஞானி கென்ட் பிராட்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் ‘உலர் சங்கிலி’ என்ற கருத்தை முன்வைத்ததற்கு இதுவே பின்னணி. பாலுக்கும் மீனுக்கும் குளிர்ச் சங்கிலி எப்படியோ, ஈரமான வெப்ப நாடுகளில் தானியத்துக்கும் விதைக்கும் உலர் சங்கிலி அப்படி: ஒரு முறை நன்றாக உலர்த்து, உடனே காற்றுப் புகாமல் மூடு, பயன்படுத்தும் நாள் வரை மூடியே வை.

பருவமே உலர்த்தி

இந்தச் சங்கிலி ஓசூர் வட்டாரத்தின் பயிர்ப் பருவத்தோடு பொருந்துவதுதான் இங்கே சிறப்பு. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழிப்படி ஆடியில் போடும் அவரை, பகல் குறுகும் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் காய்த்து, தை கடைசியில் கொடியிலேயே நெற்று காய்ந்து நிற்கும். கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில் அறுவடைக்கு வரும். ஆடியில் போட்ட சுரையும் பீர்க்கும் தைக்குள் கொடியிலேயே முற்றிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் நட்ட தக்காளியும் கத்தரியும் தை, மாசியில் பழுத்து விதைக்குத் தயாராகும். இப்படி விதைகள் கைக்கு வரும் நேரமும், ஆண்டிலேயே காற்று மிக வறண்டிருக்கும் நேரமும் ஒன்றையொன்று தொட்டே வருகின்றன. சித்திரையில் கோடை மழை தொடங்கும் முன் உலர்த்தி மூடிவிட்டால், அடுத்த ஆடி வரை விதை தாங்க வேண்டியது நான்கைந்து மாதம்தான். ஒரு பட்டம் பொய்த்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் கைவசம் இருக்க வேண்டும் என்று பாதி விதையை ஒதுக்கினாலும், அது ஏறத்தாழ பதினாறு மாதம். இந்தக் கால அளவுக்கு உறைகுளிர் தேவையே இல்லை.

உலர்த்தும் முறையில் இரண்டு நுட்பங்கள் உண்டு. மாசி வெயிலில் மொட்டை மாடியின் சிமென்ட் தரை 50 டிகிரியைத் தாண்டும். ஈரம் மிகுந்த விதையை நேராக அதன்மேல் பரப்பினால் முளைக்கரு வெந்துவிடும். விதைக்கு வேண்டியது வறண்ட காற்றே, சுடுதரை அன்று. முறத்திலோ பருத்தித் துணியிலோ மெல்லிசாகப் பரப்பி, நிழலில் காற்றோட்டமான இடத்தில், முற்பகல் பதினொரு மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை வைத்தால் போதும். அடுத்தது இதைவிட முக்கியம்: பொழுது சாய்ந்ததும் விதையை டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். இரவில் வெப்பம் இறங்க இறங்கக் காற்றின் ஈரப்பதம் ஏறுகிறது. பகலில் விட்ட நீரைத் திறந்து கிடக்கும் விதை விடிவதற்குள் திரும்பக் குடித்துவிடும். ஒரு வாரம் இப்படிக் காய வைத்த பிறகு பூசணி விதையை விரலால் மடித்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும், அவரையைக் கடித்தால் பல் பதியாமல் நொறுங்க வேண்டும். சமையலறை உப்பும் ஒரு கருவிதான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தால்தான் சோற்றுப்பு நீர்க்கும். நன்கு வறுத்து ஆறிய ஒரு பிடித் தூளுப்பை விதையோடு புட்டியில் போட்டு, குலுக்கிச் சற்று நேரம் விட்டுப் பார்க்கும்போது உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை இன்னும் பச்சை. ஒட்டாவிட்டால் அது முதல் படியைத் தாண்டிவிட்டது, மேலும் உலர்த்தலாம் என்று பொருள். சேமிக்கும் புட்டி ரப்பர் வளையம் உள்ள மூடியோடு இருக்க வேண்டும்; காகித உறை ஈரத்தைத் தடுக்காது, மெல்லிய பாலித்தீன் பையும் நாளடைவில் விட்டுவிடும். மாசியைத் தவறவிட்டவர்கள் விதையின் எடைக்குச் சமமாக உலர்ந்த சிலிக்கா ஜெல்லை ஒரே புட்டியில் சேர்த்து ஒரு வாரம் மூடி வைத்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

பயறு வகையில் மட்டும் இந்த வாதம் ஓரளவு தடுமாறுகிறது. அவரை, தட்டைப்பயறு, துவரை ஆகியவற்றைத் துளைக்கும் பயறு வண்டு உலர்ந்த விதையிலேயே வாழப் பழகிய பூச்சி. உலர்த்தல் ஒன்றாலேயே அது அடங்காது. வண்டு கிடங்கில் வந்து சேர்வதாக நினைக்கிறோம். பெரும்பாலும் வயலில் நெற்று காயும்போதே முட்டை வைக்கப்பட்டுவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதத்தில் பொரித்து, வளர்ந்து, விதையில் வட்டத் துளை போட்டு வெளியேறுகிறது. துவரையையும் அவரையையும் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைப்பதும், சாம்பலோடு கலந்து வைப்பதும் இதற்கான பழைய விடைகள். மண்ணும் சாம்பலும் விதைகளுக்கு இடையே உள்ள சந்தை அடைத்து வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கின்றன, அதன் மேல்தோலை உராய்ந்து நீர் இழக்க வைக்கின்றன. ஒரு கிலோ பயறுக்கு 5 மில்லி எண்ணெய் பூசினால் முட்டை மூச்சடைத்துப் போகும். ஃப்ரிட்ஜுக்கு உண்மையான வேலை கிடைப்பது இங்கேதான்: நன்றாக உலர்த்தி மூடிய பயறு விதையை மேலே உள்ள உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரும்வரை அரை நாளாவது திறக்காமல் வைப்பது கட்டாயம்.

பழைய முறைகளை அளந்து பார்த்தல்

மரபு முறைகளுக்குத் திரும்பினாலே போதும் என்று சொல்வோரும் உண்டு. அம்முறைகள் ஏன் பலித்தன என்று தெரியாமல் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை பலிக்காது. சுரைக்குடுக்கையில் போட்ட விதையும், தோலோடு கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிரும் கெடாமல் இருந்ததற்குக் காரணம் குடுக்கை மட்டுமல்ல, கீழே எரிந்த விறகடுப்பு. நாள்தோறும் எழுந்த சூடும் புகையும் கூரையடியை வறட்சியாக வைத்திருந்தன, பூச்சியை விரட்டின. இன்றைய எரிவாயு அடுப்பும் குக்கரும் உள்ள சமையலறையில் மேலே எழுவது நீராவி. வீட்டிலேயே விதைக்கு ஆகாத இடம் அதுதான். மூங்கிலால் பின்னிச் சாணம் மெழுகிய தொம்பையும் மண்குதிரும் ஈரத்தை முழுதாகத் தடுப்பவை அல்ல. அவற்றில் டன் கணக்கில் கொட்டிய தானியத்தின் உட்பகுதி வெளிக்காற்றுக்கு எட்டாமல் இருந்ததே அதன் காவல். 100 கிராம் விதைக்கு அந்தக் காவல் கிடையாது. எல்லைக்கு இரு புறமும் கேழ்வரகை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த நிலத்தடிக் குழிகளின் தத்துவம் வேறு. நன்றாக மூடிய குழிக்குள் தானியத்தின் மூச்சாலேயே பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடும், பூச்சி பிழைக்காது. கேழ்வரகு மணி மிகச் சிறியதாதலால் பூச்சிக்கு அதில் இடமும் குறைவு. உலர்ந்த பொருள், மூடிய கலம் என்ற இரண்டு கொள்கைகளும் அந்தக் குழியில் இருந்தன. ரப்பர் வளையம் போட்ட கண்ணாடிப் புட்டியிலும் அவையே இருக்கின்றன. நாம் காக்க வேண்டியது கொள்கையை. கலம் காலத்துக்கு ஏற்ப மாறலாம்.

எதை வைத்துக்கொள்ளலாம்

எல்லா விதையையும் உலர்த்திக் காக்க முடியாது. இந்த மாவட்டத்தின் பெயரோடு ஒட்டிய மாம்பழமே அதற்குச் சான்று. மாங்கொட்டை உலர்ந்தால் செத்துவிடும், பலாக்கொட்டையும் அப்படியே. தோத்தாபுரியும் அல்போன்சாவும் புட்டியில் உயிர் வாழ்வதில்லை. ஒட்டுக் கன்றாகச் சந்தூர்ப் பக்கத்து நாற்றங்கால்களிலும், தோப்பில் நிற்கும் தாய் மரங்களிலும்தான் வாழ்கின்றன. முட்டைக்கோசு, காலிஃப்ளவர் ஓசூர் வயல்களில் செழித்தாலும், முட்டைக்கோசு விதைக்கு வர நீண்ட கடுங்குளிர் வேண்டும். அதனால்தான் அதன் விதை இமாசலத்தின் குலு போன்ற மலைப் பகுதிகளில் எடுக்கப்படுகிறது. இவற்றை வாங்குவதே அறிவு. மக்காச்சோளம் அயல் மகரந்தத்தால் விளைவது. இருநூறு செடியாவது இல்லாமல் அதன் விதையை எடுத்தால் சில தலைமுறைகளில் வீரியம் குன்றிவிடும். மாடிக்கு அது பொருந்தாது.

வீட்டுக்குத் தோதானவை தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் விளையும் தக்காளி, அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு போன்றவை. பத்துச் செடி இருந்தால் ரகம் நிலைத்துவிடும். ஒரு கிராமில் 300க்கு மேல் தக்காளி விதை இருக்கும். கனிந்த நாலைந்து பழத்தின் சதையோடு விதையை ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி உலர்த்தினால் ஒரு தெருவுக்கே போதும். வெண்டை, கத்தரி, மிளகாய் ஓரளவு கலக்கும். பூ விரியும் முன் மெல்லிய துணிப் பையைக் கட்டினால் தடுக்கலாம். கொடிக் காய்களில் தேனீ கலப்பது நிச்சயம் என்றாலும், அவற்றின் பூ பெரியது, ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. ஆகவே கையால் மகரந்தம் சேர்ப்பது எளிது. நேரம் தெரிந்திருந்தால் போதும்: பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும், சுரையும் பீர்க்கும் மாலையில். மறுநாள் விரியவிருக்கும் பெண் மொட்டை நூலால் கட்டி வைத்து, விரிந்ததும் ஆண் பூவைத் தேய்த்து மீண்டும் கட்டி, காம்பில் அடையாளக் கயிறு போட்டால் அந்தக் காயின் விதை கலப்பற்றது.

நாட்டு ரகம் மட்டுமே காக்கத் தக்கது, மற்றவை ஆகாதவை என்ற பிரிவினை இங்கே உதவாது. வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி, இந்த விதை அடுத்த தலைமுறையில் தாயைப் போலவே வருமா என்பது மட்டுமே. ஒட்டு ரகத்தின் விதை அடுத்த முறை பல குணங்களாகப் பிரிந்துவிடும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா விகாஸ் தக்காளியும் அர்கா அனாமிகா வெண்டையும், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளியும், காவேரிப்பட்டணம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் கேழ்வரகு, கொள்ளு ரகங்களும் தாயைப் போலவே வரக்கூடியவை. அரசுப் பணத்தில் உருவான இந்த ரகங்களும், தளியின் அவரையும் ஒரே அலமாரியில் இருக்கலாம். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட உறையில் விற்பது ஒன்றுதான் கூடாது.

சேமிப்பு சரியாக இருந்தும் விதை நலிவதற்கு வீட்டில் இன்னொரு காரணம் உண்டு. முதலில் காய்த்த திடமான காய்களைச் சமைத்துவிட்டு, கடைசியில் சூம்பிப்போய் மிஞ்சுவதை விதைக்கு விடுகிறோம். ஆண்டுதோறும் மோசமான செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை இது. பிறகு நாட்டு விதை விளைச்சல் தராது என்கிறோம். நோயற்ற, நன்றாகக் காய்த்த செடியை முன்பே குறித்து, அதில் இரண்டாம், மூன்றாம் காய்களை விதைக்கென்றே விட வேண்டும். வெண்டை வெடிக்கும் அளவு காயும் வரையிலும், வெள்ளரி மஞ்சளாகி மென்மையாகும் வரையிலும் செடியில் நிற்க வேண்டும். அதற்கு ஒன்றரை மாதம் கூடுதலாக இடம் பிடிக்கும் என்பது வீட்டு விதையின் உண்மையான விலை. அதை மறைப்பதில் பயனில்லை. வைகாசி கடைசியில் இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் வைத்தால் கையிருப்பின் நிலை தெரிந்துவிடும். விதைச் சட்டத் தரப்படி விற்பனைத் தக்காளி விதையின் குறைந்தபட்ச முளைப்பு 70 விழுக்காடு; வீட்டு விதை பதினான்குக்கு மேல் முளைத்தால் அது கடை விதைக்குத் தாழ்ந்ததல்ல.

மறுப்புகள்

இவ்வளவு மெனக்கெட்டு என்ன மிஞ்சும் என்பது முதல் மறுப்பு. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 580 கிலோவுக்கு மேல் ஆகிறது. எந்த மாடியும் அதைத் தராது. உழவர் சந்தையும் ராயக்கோட்டைத் தக்காளியும் அருகிலேயே இருக்கும் ஊரில், மாடித் தோட்டம் சந்தைக்கு மாற்று என்று வாதிடுவது வீண். ஆனால் கீரை, கறிவேப்பிலை, மிளகாய், அவரை போன்று பறித்த சில மணி நேரத்தில் வாடுவதும், பூச்சி மருந்தைப் பற்றிய ஐயத்தோடு வாங்குவதும் வீட்டில் விளைந்தால் அதன் பயன் எடையில் அடங்காது. முளைக்கீரை 25, 30 நாளில் கைக்கு வரும். ஆண்டு முழுதும் மாறி மாறித் தூவினால் விதை நிறைய வேண்டும், பொட்டல விலையில் உறுத்தும் செலவு அதுவே. ஒரு பத்துக் கீரைச் செடியைக் கதிர் விட நிறுத்தினால் அந்தச் செலவு இல்லாமல் போகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: தொழிற்பேட்டை ஊரில் விளைவது உண்ணத் தக்கதா? பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பது ஊரறிந்த காட்சி. மண்ணிலும் நீரிலும் கன உலோகம் இருந்தால் அதை அதிகம் இழுப்பது, மாடியில் பெரும்பாலோர் வளர்க்கும் கீரைதான். ஆகவே ஏரி வண்டல் நல்ல மண் என்ற பழைய பொதுவிதியைத் தொழிற்பேட்டையின் வடிகால் சேரும் ஏரிக்கு இனியும் பொருத்தக் கூடாது. சாலையோர மண்ணையும், கட்டடம் இடித்துக் கொட்டிய மேட்டு மண்ணையும் தவிர்த்து, மூலம் தெரிந்த செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு சேர்த்த கலவையைப் பையிலோ தொட்டியிலோ இட்டு, வீட்டுக்கு வரும் குடிநீரையும் சேர்த்து வைத்த மழைநீரையும் பாய்ச்சுவதே பாதுகாப்பு. இந்த மறுப்பு வீட்டுத் தோட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை, தரையிலிருந்து தொட்டிக்கு மாறச் சொல்கிறது. விதைக்கென்று மட்டும் விடும் செடிக்கு இந்த அச்சம் இன்னும் குறைவு.

மூன்றாவது, ஷிஃப்ட் வேலைக்காரருக்கு நேரமில்லை, வாடகை வீட்டில் நிலையும் இல்லை என்பது. உலர்த்தலும் மூடுதலும் ஆண்டில் ஒரு வார வேலை. அன்றாடம் நேரம் கேட்பது தோட்டம்தான். வீடு மாறும்போது தொட்டிகளை விட்டுவிட்டுப் போக நேரலாம். புட்டிகளை ஒரு பையில் எடுத்துச் சென்றுவிடலாம். நிலையற்ற குடியிருப்பு விதைச் சேமிப்புக்கு எதிரான காரணம் ஆகாது, சொல்லப்போனால் அதற்கு ஆதரவான காரணம்.

வீட்டுக்கு அப்பால்

விதையைக் காப்பது அரசு மரபணு வங்கியின் பணி, வீட்டின் பணி அல்ல என்ற கருத்தையும் பார்க்க வேண்டும். டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கி −18 டிகிரியில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளை வைத்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டாவது வங்கியும் அறிவிக்கப்பட்டது. பேரிடருக்கும் ரக உருவாக்கத்துக்கும் அவை இன்றியமையாதவை. ஆனால் அவற்றின் வாடிக்கையாளர் ஆராய்ச்சியாளர். ஆடியில் ஒரு பிடி அவரை விதைக்கு அங்கே போய் நிற்க முடியாது. உறைந்த விதை, மாறிவரும் மழைக்கும் பூச்சிக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவும் செய்யாது. இந்த இடைவெளியை இதே வட்டாரம் முன்பே உணர்ந்திருக்கிறது. 1990களின் முற்பகுதியில் வனஜா ராம்பிரசாத் தொடங்கிய கிரீன் ஃபவுண்டேஷன் தன் விதைப் பணியைத் தொடங்கியது தளிப் பகுதியில்தான். பிறகே அது எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் கனகபுராப் பக்கம் விரிந்தது. சிற்றூர்ப் பெண்கள் நடத்தும் விதை வங்கி, அங்கிருந்து விதை பெற்றுப் பயிரிட்டு அறுவடையில் திருப்பித் தரும் உழவர்கள் என்ற அந்த ஏற்பாட்டிலிருந்து நகரம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், விதை வங்கியின் உயிர் கட்டடத்தில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது என்பது. ஒரு வீடு எல்லா ரகத்தையும் வளர்க்க முடியாது. பத்து வீடு ஆளுக்கு இரண்டு ரகத்தை ஏற்றுக்கொண்டால் இருபது ரகம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். ஒரு வீட்டில் புழுத்தால் இன்னொரு வீட்டில் இருக்கும். கொடிக் காய்களில் ஆளுக்கு ஒரு ரகம் மட்டும் என்று பிரித்துக்கொண்டால் கலப்புச் சிக்கலும் பாதி குறையும்.

இதில் பொதுத் துறைக்கும் செலவு குறைந்த ஒரு பங்கு உண்டு. தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்கும் மாடித் தோட்டத் தொகுப்பு பை, நார்க்கழிவு, விதை என்று முடிந்துவிடுகிறது. விதை தீர்ந்ததும் தோட்டமும் பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொகுப்பில் தாயைப் போல் வரும் ரகங்களை மட்டும் தந்து, இறுக்கமான மூடியுள்ள இரண்டு புட்டியும் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பையும் சேர்த்து, மாசி மாதத்தில் எப்படி உலர்த்துவது என்று ஒரு பக்கத் தாள் வைத்தால் அந்தத் தொகுப்பு ஒரே பட்டத்தோடு நிற்காது. வேளாண் அறிவியல் நிலையமும் குடியிருப்போர் சங்கங்களும் வைகாசியில் ஒரு முளைப்புச் சோதனை நாள் வைத்தால், யாரிடம் எந்த விதை உயிரோடிருக்கிறது என்ற பட்டியல் ஆடிக்கு முன்பே கிடைத்துவிடும். கடலோரத்து ஈரக் காற்றில் இருக்கும் சென்னைக்கோ நாகைக்கோ இந்தத் திட்டம் அப்படியே பொருந்தாது. அங்கே உலர்த்திக்குச் சிலிக்காவையே நம்ப வேண்டும். வறண்ட மாசியும் மிதமான வெப்பமும் சேர்ந்து வாய்த்த இந்த மேட்டுநிலத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. இங்கே தேவைப்படுவது ஆண்டுக்கு ஒரு வாரக் கவனமும், பகிர்ந்துகொள்ள நாலு அண்டை வீடும்தான்.